செம்பாறை பார்க்க நாயோடு போகிறவர்களுக்கு

புறங்கையைப் பாறைமேல் வையுங்கள். நிதானமாக ஏழு வரை எண்ணுங்கள். அதற்குள் கையை எடுத்துவிடத் தோன்றினால் நாயைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். வேலி ஆஃப் ஃபயர் பூங்காவில் நான் கற்றுக்கொண்ட மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வேலி என்றால் முள்வேலி இல்லை, பள்ளத்தாக்கு. நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே சுமார் 50 மைல். டைனோசர்கள் திரிந்த காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவைதான் இந்தப் பாறைகள். மணலில் கலந்திருந்த இரும்பு துருவேறியதால் இந்தச் சிவப்பு. மாலை வெயில் பட்டால் ஊதிவிட்ட கங்கு மாதிரி கனன்றுகொண்டிருக்கும். வேலைக்காக வேகாஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அங்கே போக ஆரம்பித்தேன். அப்போது கருப்பன் மட்டும் இருந்தான். இப்போது மல்லியும் சேர்ந்துவிட்டாள். கருப்பனுக்கு ஒன்பது வயது, முப்பது கிலோ, லாப்ரடார் கலப்பு, கறுப்புத் தோல். மல்லிக்கு மூன்று வயது, பதினெட்டு கிலோ, மாடு மேய்க்கும் இனத்தின் ஏதோ ஒரு கலப்பு. ஓடுகிற எதையும் வளைத்துக் கொண்டுவராவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கீழே சொல்வது இந்த இரண்டு பேரோடு போய்வந்த அனுபவம். உங்கள் நாய்க்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூங்காவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்கப் பாலைவனத்தில் அழகான பாறைகள் பாதிக்கு மேல் தேசியப் பூங்காக்களில் இருக்கின்றன. அங்கே நாய்க்கு அநேகமாக இடமில்லை. யூட்டாவின் ஆர்ச்சஸில் எந்த நடைபாதையிலும் நாய் கால் வைக்கக் கூடாது. ஸயானில் பாரூஸ் என்ற ஒரே ஒரு பாதையில் மட்டும் விடுவார்கள். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் சாலையிலிருந்து நூறு அடிக்குள்தான் நடக்கலாம். ஆசையாக ஓட்டிக்கொண்டு போய், வாசலில் இதைக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். மாநிலப் பூங்காக்கள் இந்த விஷயத்தில் தாராளம். வேலி ஆஃப் ஃபயரும் அப்படித்தான்: ஆறு அடிக்கு மேல் போகாத கயிற்றில் கட்டியிருந்தால் பாதைகளில் நாயோடு நடக்கலாம், பார்வையாளர் மையத்துக்குள் மட்டும் அனுமதி இல்லை. இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம். விதிக்கும் ஆகாது, பாறை இடுக்கில் சிக்கினால் நாய்க்கும் ஆகாது. நுழைவுக் கட்டணம் நெவாடா வண்டிக்கு 10 டாலர், வெளிமாநில வண்டிக்கு 15.

எப்போது போவது

நவம்பரிலிருந்து மார்ச் வரை. இதில் பேரமே கிடையாது. கோடையில் அங்கே 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது அன்றாடம். சில நாள் 120 வரை போகும். அந்த மாதங்களில் முக்கியமான பல பாதைகளைப் பூங்காவே செப்டம்பர் கடைசி வரை மூடி வைத்துவிடுகிறது. மனிதர்களுக்கே அந்த நிலைமை. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். மற்றபடி மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றே கொதிக்கும்போது மூச்சு வாங்கி என்ன பயன்?

ஏப்ரல் மாதம்தான் ஏமாற்றும். காற்று இதமாக இருக்கும், நமக்குச் சட்டைகூட நனையாது. தரையின் சங்கதி வேறு. காற்று 77 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 125-ஐத் தொடும் என்று ஒரு கணக்கு உண்டு. அப்படி ஒரு ஏப்ரலில்தான் வாகன நிறுத்தத்தைக் கடக்கும்போது கருப்பன் நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கினான். குதித்து விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். வண்டியில் ஏறியதும் முன்னங்காலை விடாமல் நக்கிக்கொண்டே வந்தான். வீட்டில் பார்த்தால் பாதத்தின் மெத்தையில் கொப்புளம். பத்து நாள் கட்டுப் போட்டு வைத்திருந்தோம். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பூங்கா திறப்பது சூரிய உதயத்துக்கு. முதல் வண்டியாகப் போய் நில்லுங்கள். காலையில் பாறை குளிர்ந்திருக்கும், பள்ளங்களில் நிழல் நிற்கும். மாலையை நம்ப வேண்டாம். நாளெல்லாம் குடித்த சூட்டைப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் உமிழ்ந்துகொண்டிருக்கும். படத்துக்கு மாலை வெளிச்சம்தான் அழகு, ஆனால் நாய் படம் எடுப்பதில்லை.

என்னென்ன கொண்டுபோவது

தண்ணீர், தண்ணீர், அப்புறம் இன்னும் கொஞ்சம் தண்ணீர். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50–60 மில்லி என்பது நாய்க்கு உத்தேசக் கணக்கு. கருப்பனுக்கு அது ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும். நான் அவனுக்கு மட்டும் நாலு லிட்டர் எடுத்துப்போவேன். பாதி குடிக்க, பாதி உடம்பை நனைக்க. மடக்கும் கிண்ணம் ஒன்று போதும். நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாகம் முற்றிய பிறகு ஒரேயடியாகக் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அங்கேயே வாந்தி எடுக்கும்.

கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னெஸ் நல்லது, முதுகில் கைப்பிடி வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பாறைப் படியில் முப்பது கிலோவைக் கழுத்தைப் பிடித்தா தூக்க முடியும்?

நாய்க்குப் போடும் காலுறை பற்றிக் கேட்பார்கள். மணற்பாறை என்பது பெயருக்குத் தகுந்த மாதிரி உப்புத்தாள். குளிர்ந்திருந்தாலும் தேய்க்கும். புல்லும் சிமெண்டும் மட்டும் பழகிய பாதம் ஒரு மணி நேரத்தில் வழுவழுவென்று தேய்ந்து சிவந்துவிடும். அதனால் ரப்பர் அடி வைத்த காலுறை நல்லதுதான். ஆனால் வீட்டிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழக்காமல் அங்கே போய் மாட்டாதீர்கள். எங்கள் வீட்டில் இந்தப் பயிற்சி நடந்தபோது அம்மா வந்திருந்தார். மல்லி கூடத்தில் குதிரை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நாய்க்குச் செருப்பா? உனக்கு நான் எட்டாங்கிளாஸிலதான்டா வாங்கிக் குடுத்தேன்" என்றார். "அங்க பாறை சுடும்மா" என்றேன். "அப்ப சுடாத நேரத்துல போ" என்றார். இரண்டு பக்கத்தில் நான் எழுதுவதை அம்மா நாலு சொல்லில் முடித்துவிட்டார். எப்படியோ, மல்லி போட்டுக்கொள்கிறாள். கருப்பன் ஒரே நடையில் நாலில் மூன்றைத் தொலைத்தான். அவனுக்கு நேரம் பார்த்துப் போவது ஒன்றுதான் வழி.

இவை போக, பெரிய பல் வைத்த ஒரு சீப்பும் ஒரு குறடும் வேண்டும். எதற்கென்று பிறகு சொல்கிறேன். மலம் அள்ளும் பை, ஒரு பழைய துண்டு, கட்டுத் துணி. கைபேசியில் வேகாஸின் இருபத்து நாலு மணி நேரக் கால்நடை மருத்துவமனை ஒன்றின் எண்ணையும் வழியையும் முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

எந்தப் பாறை, எந்த வரிசையில்

15-ஆம் எண் நெடுஞ்சாலையில் 75-ஆவது வெளிவழியில் இறங்கினால் மேற்கு வாசல். உள்ளே போனதும் முதலில் வருவது பீஹைவ்ஸ், தேன்கூடு மாதிரி திரண்ட பாறைகள். வண்டியிலிருந்து பத்தடி நடந்தால் போதும். நாய்கள் மூத்திரம் போய், மோப்பம் பிடித்து, இது எந்த ஊர் என்று புரிந்துகொள்ள நல்ல இடம். பாறையில் கோடுகள் ஒன்றுக்கொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு ஓடுவதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் காற்று திசை மாறி மாறி மணலை அடுக்கியதன் தடம் அது.

அடுத்தது அட்லாட்ல் ராக். கறுத்துப்போன பாறைமுகத்தில் பழங்குடிகள் கொத்திய உருவங்கள் உயரத்தில் இருக்கின்றன. பார்க்க இரும்புப் படிக்கட்டு ஏற வேண்டும். நாயோடு ஏறாதீர்கள். படிகளின் இடைவெளியில் கீழே தரை தெரியும், கருப்பன் மாதிரி ஆளுக்கு அது போதும். பாதி தூரம் துணிந்து வந்தவன் குனிந்து ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான், நாலு காலும் விறைத்துவிட்டன. மேலே போகவும் மாட்டான், கீழே இறங்கவும் மாட்டான். பின்னால் ஆட்கள் வரிசையாகக் காத்திருக்க, அவனை ஆட்டுக்குட்டி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். முதுகுவலி ஒரு வாரம் இருந்தது. ஒருவர் கீழே நாயோடு நிற்க, மற்றவர் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும். பக்கத்தில் ஆர்ச் ராக் இருக்கிறது. வளைவின்மேல் ஏறுவதற்குத் தடை, அதனால் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள்.

என்னைக் கேட்டால், நாயோடு போவதற்கென்றே அமைந்த பாதை மவுஸஸ் டேங்க். பார்வையாளர் மையத்திலிருந்து வடக்கே பிரியும் சாலையில் இருக்கிறது. போக வர முக்கால் மைல், முழுக்க மணல், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. இரண்டு பக்கமும் செஞ்சுவர் எழுந்து நிற்கும், காலையில் ஒரு பக்கச் சுவராவது நிழல் தரும். சுவரில் பாலைவனக் கறை படிந்து கறுத்த இடங்களில் எல்லாம் கொத்துருவங்கள்: கொம்பு வளைந்த ஆடு, சுழி, கைகோத்து நிற்கிற மாதிரி சில உருவங்கள். அவற்றைத் தொடக் கூடாது. நாய் சுவரில் உரசாதபடி நடுவில் நடத்துங்கள், காலைத் தூக்குகிற பழக்கம் உள்ளவனாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம். கருப்பன் இங்கே மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டே நடப்பான். பல்லியின் வால் இழுத்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கால் தடம். அவன் ஒரு கோட்டைப் பிடித்தால் அது புதருக்குள் போய் முடியும் வரை விடமாட்டான். அந்த வேகத்தில் போனால் முக்கால் மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அவனோடு நிற்கும்போதுதான் நான் சுவரைச் சரியாகப் பார்த்தேன். தனியாகப் போன நாட்களில் பாதி உருவங்கள் என் கண்ணிலேயே படவில்லை.

பாதையின் முடிவில் மழைநீர் தங்கும் பாறைக்குழி. 1890-களில் மவுஸ் என்று அழைக்கப்பட்ட பையூட் பழங்குடி மனிதர் இதை நம்பித்தான் இங்கே ஒளிந்து வாழ்ந்தார் என்பார்கள். நாயை அதில் இறங்கவோ குடிக்கவோ விடாதீர்கள். வருடத்துக்கு நாலு அங்குலம் மழை பெய்கிற இடத்தில் அது காட்டு உயிர்களின் தண்ணீர். தேங்கிய தண்ணீரில் நாய்க்கும் ஆபத்து உண்டு. 2020 ஜூலையில் ஸயானின் வர்ஜின் ஆற்றில் விளையாடிய ஒரு குட்டி நாய் பாசியின் நச்சால் செத்துப்போனது. அது ஓடுகிற ஆறு. இது குட்டை.

அதே சாலையின் கடைசியில் வைட் டோம்ஸ். ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுற்றுப்பாதை. தொடக்கத்திலேயே கற்படிகளில் சரேலென்று இறங்க வேண்டும். மல்லி தாவிவிடுவாள், கருப்பனை இரண்டு வருடமாக நான் கூட்டிப்போவதில்லை. கீழே 1965-இல் ஒரு சினிமாவுக்காகக் கட்டிய கற்சுவரின் மிச்சம் நிற்கிறது. அதைத் தாண்டினால் குறுகிய பாறையிடுக்கு. இரண்டு கையையும் நீட்டினால் சுவர் படும், உள்ளே சில்லென்று இருக்கும். எதிரே இன்னொரு நாய் வந்தால் ஒதுங்க இடமில்லை, அதனால் வாயிலில் நின்று குரல் கொடுத்துவிட்டு நுழையுங்கள். மேகம் கட்டியிருந்தால் உள்ளே போகவே வேண்டாம். எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். மழை விட்ட மறுநாளும் பாறைமேல் ஏறுவதைத் தவிருங்கள். ஈரமான மணற்பாறை பொருபொருவென்று உதிரும்.

எல்லோரும் படம் போடும் ஃபயர் வேவ், அந்த வரிவரியான அலைப்பாறை, நாய்க்கு அவ்வளவு உகந்ததில்லை. போக வர ஒன்றரை மைல், ஒதுங்க நிழல் இல்லை, வெறும் பாறை. டிசம்பர், ஜனவரியில் காலை பத்து மணிக்குள் என்றால் சரி. மற்றபடி நாய்களை விட்டுவிட்டுப் போங்கள். விட்டுவிட்டு என்றால் வீட்டில். வண்டியில் இல்லை. வெளியே 70 டிகிரிதான் இருந்தாலும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 104 ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதெல்லாம் மனசாட்சிக்குத்தான் ஆறுதல். நெவாடாவில் அது சட்டப்படியும் குற்றம்.

மதியத்துக்கு செவன் சிஸ்டர்ஸ். ஏழு பாறைகள் வரிசையாக நிற்கும் இடம், கூரை போட்ட மேசைகள் உண்டு. அங்கிருந்து கிழக்கே போனால் 1930-களில் வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசு கட்டிய கல்வீடுகள், பூங்காவின் பாறையையே வெட்டிக் கட்டியவை. கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் எலிஃபெண்ட் ராக். யானையை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிக் கெடுக்கவில்லை.

என்னென்ன வரலாம்

கொம்பாடு வரும். பிக்ஹார்ன் என்பார்கள், நெவாடாவின் மாநில விலங்கு. காலையில் சாலையோரம் கூட்டமாக நிற்கும். கண்டதும் மல்லியின் காது இரண்டும் முன்னால் வரும், முதுகு கயிறு மாதிரி முறுக்கேறும். அந்த நொடியில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். கைப்பிடி வளையத்தை மணிக்கட்டில் மாட்டி, முதுகுக் கைப்பிடியைப் பிடித்து, ஆடும் நாயும் ஒன்றையொன்று பார்க்காத பக்கமாகத் திருப்பி நடத்துங்கள். ஆட்டின் கண்ணுக்கு உங்கள் செல்லம் வேறு நிறத்து ஓநாய், அவ்வளவுதான். பயந்து அது ஓடுகிற ஓட்டத்துக்கு இந்த வறண்ட பூமியில் ஈடுகட்டத் தீனி கிடையாது.

சப்பாத்தி முள் வரும். சோயா (cholla) என்று ஒரு வகைக் கள்ளி இருக்கிறது, சோயா பயறு இல்லை. தொட்டால் துண்டாக ஒடிந்து வந்து ஒட்டிக்கொள்ளும். மல்லிக்கு முன்னங்காலில் ஒட்டியதும் வாயால் பிடுங்கப் போனாள். பிறகு உதட்டிலும் முள். நான் கையால் எடுக்கப் போனேன், என் விரலிலும் முள். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் முள்ளோடு நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து, கடந்துபோன ஒரு பாட்டிதான் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார். முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி வெடுக்கென்று வெளிப்பக்கம் தட்டினால் உருண்டை தெறித்துப் போய்விடும். தட்டும் திசையில் ஆள் நிற்கக் கூடாது. மிஞ்சிய முட்களைக் குறடால் ஒவ்வொன்றாக நேராக இழுங்கள். அதுவரை நாயின் வாயை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாம்பு குளிரில் அடங்கியிருக்கும், வெயில் ஏறும் வசந்தத்தில் வெளியே வரும். பொந்திலும் புதரடியிலும் மூக்கை நுழைக்க விடாதீர்கள். கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால் அப்படியே பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய், விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது சூடு. நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக மூச்சு வாங்கும்போது நாக்கு ஒருபக்கமாகத் தொங்கும். நுனி அகப்பை மாதிரி அகன்று மேலே சுருள ஆரம்பித்தால் நடை அங்கேயே முடிந்தது. எச்சில் பிசின் மாதிரி கெட்டியாவது, ஈறு செக்கச்செவேல் என்று ஆவது, நடை தள்ளாடுவது எல்லாம் அடுத்த கட்டம். நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், துண்டால் விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்ட வேண்டாம். முதலில் குளிர்விப்பது, உடனே ஏசியை முழு வேகத்தில் வைத்து மருத்துவரிடம். வழியில் எழுந்து வாலாட்டினாலும் திரும்பிவிடாதீர்கள். உள்ளுறுப்பு பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பாதத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். மணல், முள்நுனி, புல்லரிசி ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். காதையும் பாருங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது, எதைத் தயங்குகிறது என்று கவனியுங்கள். கருப்பன் இப்போதெல்லாம் மறுநாள் முழுக்கத் தூங்குகிறான், சோற்றுக்கு மட்டும் எழுந்து வருகிறான். பின்னிருக்கையில் சிவப்பு மணல் எவ்வளவு உறிஞ்சினாலும் முழுசாகப் போவதில்லை. அதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, பழைய போர்வை ஒன்றை விரித்துவிட்டு ஏற்றுங்கள்.